இரண்டாம் முறை தட்டிய கதவு

துடைப்பக்கட்டை என்பது நம் வீடுகளில் ஒரு திட்டு. நியூசிலாந்தில் அது நாடாளுமன்றத்துக்குள்ளேயே போய் வந்திருக்கிறது.

1893ஆம் ஆண்டு. பெண்களுக்கு வாக்குரிமை கேட்டு ஊர் ஊராக வாங்கிய கையெழுத்துத் தாள்கள், அந்த இயக்கத்தை முன்னின்று நடத்திய கேட் ஷெப்பர்டிடம் வந்து குவிந்தன. ஐந்நூற்றுக்கும் மேல். ஒன்றன்கீழ் ஒன்றாக ஒட்டினார். 270 மீட்டர் தாண்டியது. துடைப்பத்தின் மரப்பிடியில் ஒரு துண்டை எடுத்து அதில் சுற்றினார். (நம் ஈர்க்குத் துடைப்பத்தில் இந்த வசதி இல்லை.) ஜான் ஹால் என்ற உறுப்பினர் அதை அவையின் நடுவே உருட்டிவிட்டார். விரிந்துகொண்டே போய் எதிர்ச்சுவரில் முட்டித்தான் நின்றதாம்.

அந்தச் சுருளின் நீளத்தைவிட, அது நீண்ட விதம்தான் எனக்குப் பிடிக்கும். 1891இல் ஒன்பதாயிரம் சொச்சம் கையெழுத்து, சட்டம் வரவில்லை. 1892இல் கிட்டத்தட்ட இருபதாயிரம்; அப்போதும் வரவில்லை. 1893இல் எல்லா மனுக்களையும் சேர்த்தால் முப்பத்திரண்டாயிரத்தை நெருங்கியது. தோற்ற கோரிக்கை சுருங்கும் என்பார்கள். இது தோற்கத் தோற்க நீண்டது.

கையெழுத்து வாங்கியவர்கள் யார்? டனீடின் நகரில் தையல் தொழிலாளிப் பெண்களின் சங்கம் இதில் இறங்கியது. கூலிக்குத் துணி தைத்தவர்கள். மேடை ஏறிப் பேசியவர்கள் சிலர்தான். மற்றவர்கள் கதவைத் தட்டினார்கள்.

முதல் முறை தட்டுவது எளிது. போன வருஷம் கையெழுத்து வாங்கிப் போய், ஒன்றும் நடக்காமல் போனபின், அதே வாசலில் மறுபடி நிற்பதுதான் கஷ்டம். "போன தடவை போட்டது என்னம்மா ஆச்சு?" என்று கேட்டுவிடுவார்களோ என்ற கூச்சம் இருக்கிறதே, அது உங்களுக்கும் தெரியும். தெருவிளக்குக்கு மனு எழுதியவர்கள்தானே நாம்! கையில் பதில் இல்லாமலே அந்த வாசலில் நிற்கலாம். தாளை மட்டும் நீட்டினால் போதும். உங்களுக்கும் அப்படியொரு வாசல் பாக்கி இருந்தால், இன்று மாலை வெயில் தாழ்ந்ததும் ஒரு நடை போய்வாருங்கள்.

அதே 1893இல், செப்டம்பர் 19 அன்று சட்டம் வந்தது, மாவோரிப் பெண்களுக்கும் சேர்த்தே. நவம்பர் 28 அன்று தேர்தல். இடையில் பத்தே வாரம். அதற்குள் லட்சத்துக்கும் அதிகமான பெண்கள் வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்த்தார்கள். தொண்ணூறாயிரம் பேர் வாக்களித்தார்கள்.

கேட் ஷெப்பர்டின் முகம் இன்று அந்நாட்டின் 10 டாலர் நோட்டில் இருக்கிறது. மற்றவர்களின் முகம் எந்த நோட்டிலும் இல்லை. அவர்கள் பெயர் அந்தச் சுருளில் இருக்கிறது. சுருள் வெலிங்டன் தேசிய நூலகத்தில் இருக்கிறது. கொள்ளுப்பாட்டி எந்தத் தாளில் கையெழுத்துப் போட்டார் என்று தேடுகிறவர்கள் இன்றும் உண்டு.