கவி கட்டுகிறவருக்குக் கிடைப்பது

படைப்பவன் அல்லாஹ் ஒருவனே. அவனுடைய திருநாமங்களில் ஒன்று முஸவ்விர், உருவமைப்பவன். உருவங்களைச் செய்தவரிடம் அவற்றுக்கு உயிர் கொடுக்கும்படி மறுமையில் சொல்லப்படும் என்ற ஹதீஸ் புகாரியில் இருக்கிறது. குர்ஆனின் 26ஆம் அத்தியாயம் கவிஞர்களைக் கடுமையாகக் கண்டித்துவிட்டு, ஈமான் கொண்டு நல்லமல் செய்யும் கவிஞர்களுக்கு அதே இடத்தில் விலக்கும் தருகிறது. இந்த நம்பிக்கையோடு வாழும் ஒருவர் கலையில் தமக்கென்று என்ன பொருளைக் காண முடியும்? மருதமுனை தொடங்கிக் கல்முனை, நிந்தவூர், அக்கரைப்பற்று என்று பொத்துவில் வரை நீளும் அம்பாறைக் கரையோர முஸ்லிம் ஊர்களில் இக்கேள்விக்குப் பழகிய விடைகள் உண்டு.

மார்க்கச் சட்டம் முதலில் கேட்பது, கூடுமா கூடாதா என்பதையே. 1111இல் மறைந்த இமாம் கஸ்ஸாலி தம் ‘இஹ்யா’ நூலில் இசை கேட்பதைப் பற்றி எழுதும்போது, கேட்பவருடைய உள்ளத்தையும் விசாரணைக்குள் கொண்டுவந்தார். இசை உள்ளத்தில் இல்லாத எதையும் புதிதாக வைப்பதில்லை, அங்கே கிடப்பதைக் கிளப்புகிறது என்ற கருத்தை அவர் எடுத்தாள்கிறார். கேட்பவருக்கே இப்படியென்றால், கட்டுகிறவருக்கு இது இன்னும் கூடுதலாகப் பொருந்தும்.

இக்கரையின் நாட்டார் கவி நாலே அடி. வயல் வட்டைக்குள் பரணில் இராக்காவல் இருந்த ஆணும், வீட்டுக்குள் இருந்த பெண்ணும் சொன்னவை இவை. மச்சானின் பாராமுகம், பிரிவு, ஏச்சு, ஏக்கம் எல்லாம் அதற்குள் வரும். பெரிய பிள்ளையான பெண் பிறர் முன் வாய் திறக்காத காலத்தில், நேரில் சொல்ல முடியாததைக் கவி சொல்லிற்று. மனத்துயரை ஆற்றிக்கொள்வது மட்டுமே நோக்கமென்றால் அழுதிருக்கலாம். எதுகை தேடி, ஓசை பார்த்து, பொருந்தாத சொல்லைத் தள்ளி, நாலு அடிக்குள் துயரை அடக்கும்போது அவள் அதிலிருந்து கொஞ்சம் விலகி நின்று அதைப் பார்க்கிறாள். கவி தரும் பொருள் இந்த வேலைக்குள்தான் இருக்கிறது. கட்டியவளின் பெயர் நிற்கவில்லை. இன்னொருத்தி தன் நோவுக்கு எடுத்துச் சொன்னதும் அது அவளுடைய கவியாயிற்று. நிந்தவூர் எஸ். முத்துமீரான் போன்றோர் தேடித் தொகுத்திராவிட்டால் இவற்றில் பல காற்றோடு போயிருக்கும். அவர்கள் செய்தது பெரிய தொண்டு.

பாய் இழைத்தலும் இப்படித்தான். படுப்பதற்குச் சாயமில்லாத பன்பாய் போதும். ஆனாலும் பன்புல்லுக்குச் சாயமேற்றி, நிலத்தில் குந்தியிருந்து, கோலம் பிசகாமல் கை இழைக்கிறது. அல்லாஹ் அழகானவன், அழகை விரும்புகிறான் என்ற ஹதீஸுக்கு இதைவிட நெருக்கமான விளக்கம் தேட வேண்டியதில்லை.

அச்சில் வந்த கவிதை வேறொரு பொருளைத் தேடியது. 1969இல் ‘கவிஞன்’ இதழைத் தொடங்கிய கல்முனைக்குடி எம்.ஏ. நுஃமான், 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிக்கப்பட்டதைப் புத்தரின் கொலையாகவே கண்டு எழுதினார். தன் ஊரும் தன் சமயமும் அல்லாத ஓர் இழப்பைத் தன்னுடையதாக்கிக்கொண்ட கவிதை அது. கல்முனை சோலைக்கிளியின் ‘எட்டாவது நரகம்’ 1988இல் வந்தது. நரகத்துக்கு ஏழு வாசல்கள் என்கிறது குர்ஆன். யுத்த காலத்துக் கிழக்கிலிருந்து வந்த ஒரு நூலுக்கு இப்படியொரு தலைப்பு அமைந்தது சும்மா அல்ல. ஆறுதல் கிடைக்காத இடத்திலும், கண்டதைச் சொல்வதே கவிஞருக்குப் போதுமான பொருளாகிறது.

ஒரு சிக்கல் மீதமிருக்கிறது. அமல்கள் (செயல்கள்) நிய்யத்தை (எண்ணத்தை)க் கொண்டே மதிக்கப்படும் என்பது ஹதீஸ். நிய்யத் அமலுக்கு முன் வர வேண்டும். கவியிலோ, தான் சொல்ல வந்தது எதுவென்று மூன்றாம் அடியில்தான் பலருக்குத் தெரியவருகிறது. எனினும் எதைச் சொல்லப்போகிறோம் என்பதை முன்கூட்டி அறியாவிட்டாலும், பொய் சொல்லமாட்டேன் என்ற நிய்யத்தை முன்கூட்டியே வைத்துக்கொள்ளலாம். கவிஞர் ஹஸ்ஸான் இப்னு தாபித்துக்காக நபியவர்கள் பள்ளிவாசலில் மேடை வைக்கச் செய்தார்கள் என்ற செய்தியை, இக்கரையின் கவிஞர்கள் இந்த நிய்யத்தோடு கட்டும் கவிக்குக் கிடைத்த மதிப்பாகவே எடுத்துக்கொள்ள இடமுண்டு.