போதுமென்ற அளவு: டிராப்பிஸ்ட் மடங்களின் பீரும் அதைத் தேடிச் செல்லும் பயணியும்

பெல்ஜியத்தில் ஐந்து கத்தோலிக்கத் துறவுமடங்கள் இன்றும் பீர் காய்ச்சி விற்கின்றன: வெஸ்ட்மாலே, வெஸ்ட்வ்ளேடரன், ஷிமே, ரோஷ்ஃபோர், ஓர்வால். ஐந்தும் டிராப்பிஸ்ட் எனப்படும் கடுந்தவச் சிஸ்டர்சியன் சபையைச் சேர்ந்தவை. அங்குள்ள துறவிகள் விடியுமுன் எழுந்து செபிப்பவர்கள். பேச்சைக் குறைத்து மௌனம் காப்பவர்கள். தமக்கென எதையும் உடைமையாக வைத்துக்கொள்ளாதவர்கள். அவர்களது பீரைச் சுவைக்கவென்றே பல நாடுகளிலிருந்தும் பயணிகள் வருகிறார்கள். இங்கே இரண்டு கேள்விகள் எழுகின்றன. இன்பத்தைத் துறந்தவர் இன்பம் தரும் பொருளைச் செய்வது தகுமா? அதை நாடி வருபவர் எப்படி வருவது தகும்? இரண்டுக்குமான விடை அளவு என்ற ஒரே கருத்தில் சென்று சேர்கிறது.

மதுவைப் பற்றிச் சமயங்களின் நிலை ஒன்றுபோல் இல்லை. பௌத்தத்தின் பஞ்சசீலம் மயக்கம் தரும் பானத்தை விலக்குகிறது. இஸ்லாம் அதை முற்றிலும் தடுக்கிறது. கிறிஸ்தவத்தில் திராட்சை இரசம் திருப்பலியிலேயே இடம்பெறுகிறது. அதனால் அங்கே பழிக்கப்படுவது பானம் அன்று, குடிவெறியே. படைக்கப்பட்டவை யாவும் நல்லவை, அவற்றைப் பயன்படுத்தும் மனமே கெடுகிறது என்பது இந்த நிலைப்பாட்டின் அடித்தளம். ஆனால் இது தடையைவிடக் கடினமான வழி. தடைக்கு ஒரு கோடு போதும். அளவுக்கு நாள்தோறும் விழிப்பு வேண்டும்.

அந்த விழிப்பைச் சட்டமாக எழுதிவைத்தவர் 6ஆம் நூற்றாண்டில் இத்தாலியின் மோன்தே கசீனோவில் வாழ்ந்த புனித பெனடிக்ட். அவர் இயற்றிய மடத்து ஒழுங்கு 73 அதிகாரங்கள் கொண்டது. அதன் 40ஆம் அதிகாரம் குடிக்கும் அளவைப் பற்றியது. துறவிகளுக்கு மது பொருந்தாது என்பதை அவர் ஏற்கிறார். ஆயினும் தம் காலத்துத் துறவிகளை அதற்கு இணங்கவைக்க முடியாததால், நாளொன்றுக்கு ஒரு ‘ஹெமினா’ போதும் என்று வரையறுக்கிறார். இது ஏறத்தாழ கால் லிட்டர் எனப் பலர் கணிக்கின்றனர். முற்றிலும் விலகி நிற்கும் வலிமை பெற்றவருக்குத் தனிப் பரிசு உண்டு என்றும் சொல்கிறார். பலவீனத்தை அறிந்து, அதற்கு இடங்கொடுத்து, அந்த இடத்துக்குச் சுவரும் எழுப்பும் பெருந்தன்மை இது.

திராட்சை விளையாத வட ஐரோப்பாவில் அந்த இடத்தைப் பீர் நிரப்பியது. உழைப்பைப் பற்றிய பெனடிக்டின் போதனை அதற்கு நியாயமும் தந்தது. தம் கைகளின் உழைப்பால் வாழும்போதே துறவி உண்மையான துறவி என்கிறது 48ஆம் அதிகாரம். கைவினைஞரைப் பற்றிப் பேசும் 57ஆம் அதிகாரம் இன்னும் நுட்பமானது. தன் திறமையில் ஒருவர் செருக்குற்றால் அவரை அந்தத் தொழிலிலிருந்தே விலக்கிவிட வேண்டும். மடத்துப் பொருளை வெளியார் விற்பதைவிடச் சற்றுக் குறைந்த விலைக்கே விற்க வேண்டும். நல்ல பொருளைச் செய். அந்த நன்மையைச் சொந்தப் பெருமையாகவோ பேராசைக்குக் கருவியாகவோ ஆக்காதே என்பதே இதன் சாரம்.

டிராப்பிஸ்ட் என்ற பெயர் பிரான்சின் நார்மண்டியிலுள்ள லா திராப் மடத்திலிருந்து வந்தது. 1664இல் அதன் மடாதிபதி ரான்சே பழைய கடுமையான ஒழுக்கத்தை மீட்டெடுத்தார். பிரெஞ்சுப் புரட்சி மடங்களைக் கலைத்தபோது துறவிகள் பல திசைகளிலும் சிதறினர். அந்தச் சிதறலின் வழியே 1794இல் வெஸ்ட்மாலே மடம் தோன்றியது. 1831இல் வெஸ்ட்வ்ளேடரனும் 1850இல் ஷிமேயின் ஸ்கூர்மோன் மடமும் பிறந்தன. 1132இல் சிஸ்டர்சியன் மடமான ஓர்வால் 1793இல் எரிக்கப்பட்டு, 1926 முதல் மீண்டும் எழுப்பப்பட்டது. அந்தக் கட்டுமானச் செலவுக்காகவே 1931இல் அங்கே பீர் ஆலை தொடங்கப்பட்டது.

டிராப்பிஸ்ட் என்ற பெயர் புகழ்பெற்றபின் பிறரும் அதைப் பயன்படுத்தத் தலைப்பட்டனர். அதைத் தடுக்க 1997இல் மடங்கள் சேர்ந்து பன்னாட்டு டிராப்பிஸ்ட் சங்கத்தை நிறுவின. அது வழங்கும் அறுகோண முத்திரையைப் பெற மூன்று நிபந்தனைகள் உண்டு. பீர் மடத்தின் சுற்றுப்புறத்துக்குள், துறவிகளின் கையாலோ மேற்பார்வையிலோ காய்ச்சப்பட வேண்டும். ஆலை மடத்து வாழ்வுக்கு இரண்டாம் இடத்திலேயே இருக்க வேண்டும். வருவாய் துறவிகளின் வாழ்வுக்கும் கட்டடப் பராமரிப்புக்கும் போக, மிச்சம் அறப்பணிகளுக்குச் செல்ல வேண்டும். இலாபத்துக்கு இங்கே ஓர் எல்லை உண்டு. தேவை நிறைந்ததும் அது தானம் ஆகிறது.

இந்தக் கொள்கை சோதிக்கப்பட்ட இடம் வெஸ்ட்வ்ளேடரன். 2005இல் ஓர் இணையத் தரப்பட்டியல் அதன் ‘12’ என்ற பீரை உலகின் தலைசிறந்ததாக வரிசைப்படுத்தியது. மடத்தின் முன் வண்டிகள் நீண்ட வரிசையில் நின்றன. துறவிகள் உற்பத்தியைப் பெருக்கவில்லை. தொலைபேசியில் முன்பதிவு செய்து, வண்டி எண்ணைத் தந்து, வரம்பிட்ட எண்ணிக்கையில் வாங்கிச் செல்ல வேண்டியிருந்தது. மறுவிற்பனை கூடாது என்பது விதி. 2019இல் தொலைபேசியின் இடத்தை இணையப் பதிவு பிடித்தது, வரம்பு நீங்கவில்லை. மடத்தைப் புதுப்பிக்கப் பணம் தேவைப்பட்டபோது, 2011இலும் 2012இலும் கடைகளின் வழியே விற்றார்கள். பணி முடிந்ததும் பழைய அளவுக்கே திரும்பினார்கள். தேவைக்காகத் திறந்த கதவைத் தேவை முடிந்ததும் மூடியதில்தான் துறவு வெளிப்படுகிறது.

நிபந்தனைகள் மடங்களையும் விட்டுவைப்பதில்லை. பெல்ஜியத்தின் ஆகெல் மடத்தில் துறவிகள் இல்லாமல் போனதும் 2021இல் அதன் பீர் முத்திரையை இழந்தது. அமெரிக்காவின் ஸ்பென்சர் மடம் 2022இல் தன் ஆலையை மூடியது. துறவிகளின் வாழ்வு தொடர்ந்தது. ஆலை போகலாம், செபம் நிற்கக் கூடாது என்ற வரிசைமுறை இதில் தெளிவாகிறது.

இனி இரண்டாவது கேள்வி. ஐந்து மடங்களையும் ஒரே மூச்சில் சுற்றிவிடத் திட்டமிடுபவர் வரைபடத்தைப் பார்த்தாலே தயங்குவார். வெஸ்ட்மாலே ஆண்ட்வெர்ப் அருகிலும் வெஸ்ட்வ்ளேடரன் மேற்கு ஃபிளாண்டர்ஸின் ஹாப்ஸ் விளையும் போப்பரிங்கே வட்டாரத்திலும் உள்ளன. அங்கே பேசுவது டச்சு. மற்ற மூன்றும் பிரெஞ்சு பேசும் வலோனியாவில் உள்ளன. ஓர்வால் நாட்டின் தென்கோடியில் இருக்கிறது. பீரும் வீரியம் மிக்கது. வெஸ்ட்வ்ளேடரன் 12இல் ஆல்கஹால் 10.2 விழுக்காடு, ரோஷ்ஃபோர் 10இல் 11.3 விழுக்காடு. வண்டி ஓட்டுபவரின் இரத்தத்தில் லிட்டருக்கு 0.5 கிராமுக்குமேல் ஆல்கஹால் இருக்கக் கூடாது என்பது பெல்ஜியச் சட்டம். ஒரு நாளுக்கு ஒரு மடம் என்பதே உடலுக்கும் மனத்துக்கும் பொருந்தும் திட்டம்.

எஞ்சியவற்றை உள்ளூராரிடம்தான் கேட்க வேண்டும். தரப்பட்டியல் எது முதலாவது என்று சொல்லும். ஒரு பீர் எந்த வாழ்வுக்குள் இருக்கிறது என்பதை அங்கே வாழ்பவரே சொல்வார். வெஸ்ட்மாலே மடத்துக்கு எதிரிலுள்ள கடையில் கரிய டபல் பீரையும் பொன்னிற டிரிப்பலையும் பாதிக்குப் பாதி கலந்து குடிப்பது வழக்கம். ஓர்வாலைப் புதிதாகக் குடிப்பதா, மாதக்கணக்கில் வைத்துப் பழையதாகக் குடிப்பதா என்பதில் அதை விரும்புபவர்களிடையே இரு அணிகள் உண்டு. புட்டியில் தொடர்ந்து வேலை செய்யும் பிரெட்டனோமைசிஸ் என்ற ஈஸ்டே அந்தச் சுவை மாற்றத்துக்குக் காரணம். எந்தக் கடை எந்த நாளில் மூடியிருக்கும், மடத்தின் எந்த வாசல் வழியே நுழையக் கூடாது என்பனவும் அவர்கள் அறிந்தவையே. ஆலைகளுக்குள் பொதுவாகப் பார்வையாளருக்கு அனுமதி இல்லை. வெஸ்ட்வ்ளேடரனில் மடத்துக்கு எதிரிலுள்ள ‘இன் த ஃப்ரேட’ என்ற கடையில் பீர் கிடைக்கும்; ஓர்வாலில் பழைய மடத்தின் இடிபாடுகளைக் காணலாம்.

உள்ளூராரிடம் கேட்பது வெறும் வசதிக்கான வழி அன்று. பெனடிக்டின் ஒழுங்கு ‘கேள்’ என்ற பொருளுள்ள சொல்லோடுதான் தொடங்குகிறது. 3ஆம் அதிகாரம், முக்கிய முடிவுகளில் மடத்தார் அனைவரிடமும் ஆலோசனை பெறச் சொல்கிறது. இளையவருக்கே இறைவன் சிறந்ததைப் பலமுறை வெளிப்படுத்துகிறார் என்று காரணமும் காட்டுகிறது. 53ஆம் அதிகாரம் வரும் விருந்தினரைக் கிறிஸ்துவாகவே ஏற்கச் சொல்கிறது. தூரத்திலிருந்து வரும் துறவி பணிவோடு ஒரு குறையைச் சுட்டினால், அதற்காகவே அவர் அனுப்பப்பட்டிருக்கலாம் என்று மடாதிபதி எண்ணிப்பார்க்க வேண்டும் என்கிறது 61ஆம் அதிகாரம். இருப்பவரும் வருபவரும் ஒருவருக்கொருவர் செவிகொடுக்கும் உறவு இது.

தமிழில் வினவுவதும் செவிகொடுப்பதும் ‘கேட்டல்’ என்ற ஒரே சொல்லில் அடங்குகின்றன. பயணியின் கடமையும் அதில் அடங்கிவிடுகிறது. வினவுபவர் தன் அறியாமையை ஒப்புக்கொள்கிறார். செவிகொடுப்பவர் தன் திட்டத்தை மாற்றிக்கொள்ள ஆயத்தமாகிறார். இன்று கிடைக்காது என்று சொல்லப்பட்டால் அதையும் ஏற்கிறார். செய்பவர் தேவைக்குமேல் காய்ச்சாமல் இருப்பதும், வருபவர் தரப்பட்டதற்குமேல் கேட்காமல் இருப்பதும் ஒரே ஒழுக்கத்தின் இரு பக்கங்கள். இவ்விரண்டும் கூடும் இடத்தில் இன்பம் துறவுக்குப் பகையாவதில்லை. உழைப்புக்கும் விருந்தோம்பலுக்கும் இடையே அது தனக்குரிய சிறிய இடத்தில் நிற்கிறது.