அடிப்பிடித்த பாத்திரம்

பாலை அடுப்பில் ஏற்றிவிட்டு, வாசலில் வந்து நின்ற அண்டை வீட்டாரோடு நாலு வார்த்தை பேசத் தொடங்குகிறோம். பேச்சு நீள்கிறது. தீய்ந்த வாடை வாசல்வரை வந்து அழைத்த பிறகே அடுப்பின் நினைவு வருகிறது. ஓடிச் சென்று பதற்றத்தில் நாம் செய்பவை பெரும்பாலும் இரண்டு. கரண்டியை எடுத்து அடிவரை கிளறுகிறோம். அல்லது பாலைக் கொட்டிவிட்டு, கொதிக்கும் பாத்திரத்தில் பச்சைத் தண்ணீரை ஊற்றுகிறோம். முன்னது, அடியில் மட்டும் இருந்த கருகலைப் பால் முழுவதிலும் பரப்பிவிடும். பின்னது, மெல்லிய பாத்திரமாயின் அதன் அடியை நெளித்துவிடும்.

சமையலில் பழகிய கைகள் இவ்வாறு செய்வதில்லை. முதலில் தீயை அணைக்கும். பிறகு, கிளறாமல், மேலாக நிற்கும் பாலை வேறொரு பாத்திரத்திற்கு மெல்ல மாற்றும். கருகியதைப் பற்றிக் கவலைப்படுமுன் கருகாததைக் காப்பாற்றும். பாத்திரத்தை ஆறவிடும். தேய்ப்பதெல்லாம் அதன் பிறகே.

எந்த வீட்டிலும் நிகழக்கூடிய இச்சிறு நிகழ்ச்சி சற்றுப் பெரியதொரு கேள்வியை நம்முன் வைக்கிறது. கருகிப்போன ஒன்றை என்ன செய்வது? இக்கேள்வி பாத்திரத்தோடு நின்றுவிடுவதில்லை. குடியில் விழுந்து வீட்டின் அமைதியைக் குலைத்த மகன், பங்குச் சங்கத்தின் பணத்தில் கைவைத்த சகோதரர், நம்பிச் சொன்ன இரகசியத்தைத் தெருவுக்குக் கொண்டுபோன தோழி, இவர்கள் முன்னும் நாம் இதே கேள்வியோடுதான் நிற்கிறோம். தூக்கி எறிவதா? ஆத்திரம் தீரும்வரை சுரண்டுவதா? அல்லது மூன்றாவது வழி ஒன்று உண்டா?

பாலிலுள்ள புரதமும் சர்க்கரையும், சோற்றிலுள்ள மாவுப்பொருளும் மிகுந்த சூட்டில் கரியாகி உலோகத்தைப் பற்றிக்கொள்கின்றன. அக்கரி காய்ந்திருக்கும்போது இரும்பு நாரால் எவ்வளவு அழுத்தித் தேய்த்தாலும், கரியோடு பாத்திரத்தின் மேனியும் கீறுண்டு போகும். கீறல் விழுந்த இடத்தில் அடுத்த முறை இன்னும் எளிதாக அடிப்பிடிக்கும். எனவே ஊறவிடுதலே முதல் மருந்து. வெந்நீர் ஊற்றி ஓர் இரவு விட்டுவைத்தால், நம் வலிமை செய்யாததை நீரும் நேரமும் செய்துவிடுகின்றன.

ஆனால் எல்லாப் பாத்திரங்களுக்கும் ஒரே மருந்து பொருந்தாது. எவர்சில்வர் பாத்திரத்தில் சோடா உப்பும் நீரும் இட்டுக் கொதிக்க வைத்தால் கருகல் இளகி வரும். அதே சோடா உப்பு அலுமினியத்தை அரித்துக் கறுக்கச் செய்யும். அதற்குப் புளியோ எலுமிச்சையோ வேண்டும். அந்தப் புளியை இரும்பு வாணலியில் ஊறவைத்தாலோ, பல நாள் பழக்கிய பதம் போய்த் துரு ஏறும். மண்சட்டி சோப்பை உறிஞ்சிக்கொண்டு அடுத்த நாள் குழம்பில் கக்கும்; அதற்கு வெந்நீரும் தேங்காய் நாருமே போதும். ஒரே கண்டிப்பு ஒரு பிள்ளையைத் திருத்துகிறது. மற்றொரு பிள்ளையை உடைத்துவிடுகிறது. எந்த உலோகம் என்று அறியாமல் தேய்க்கப் புகுவது பொறுப்புணர்வு ஆகாது. அது நம் கோபத்திற்கு நாம் சூட்டும் நற்பெயர்.

எசேக்கியேல் இறைவாக்கினர் நூலின் 24-ஆம் அதிகாரத்தில், அடுப்பில் ஏற்றப்பட்ட பானை ஒன்றின் உவமை வருகிறது. எருசலேம் நகரே அப்பானை. அதில் படிந்த அழுக்கு நீங்கும்படி வெறும் பானையே தணல்மேல் வைக்கப்படுகிறது. செம்பு சிவக்கச் சூடேறியும் அழுக்கு போகவில்லை. பாத்திரம் கழுவிய எவருக்கும் இது வியப்பளிக்காது. தீயால் ஒட்டியது மேலும் தீயிட்டால் இறுகுமேயன்றி இளகாது. அதே நூலின் 36-ஆம் அதிகாரத்திற்கு வரும்போது இறைவன் தம் மக்கள்மேல் தூய நீர் தெளிப்பதாகவும் புதிய இதயம் தருவதாகவும் வாக்களிக்கிறார். நெருப்பு முடிக்காத வேலையை நீர் முடிக்கிறது. தண்டனையின் எல்லையை அடைந்த பிறகும் நாம் விறகையே தேடிக்கொண்டிருப்பது ஏன்?

மீட்பதற்கு முன் மற்றொன்றும் தெளிய வேண்டும். கறுப்பெல்லாம் கறை அன்று. நாள்பட்ட இரும்புத் தோசைக்கல்லின் கரிய மினுமினுப்பு, எண்ணெய் சூட்டில் மீண்டும் மீண்டும் காய்ந்து படிந்த மெல்லிய படலம். தோசை ஒட்டாமல் எழும்புவது அதனால்தான். புதிதாகச் சமையலறைக்கு வந்தவர் அதனை அழுக்கென எண்ணிச் சுரண்டினால், பல ஆண்டுகளின் பக்குவம் ஒரே நாளில் போய்விடும். முதியோரிடம் நாம் காணும் சில இறுக்கங்களும் இத்தகையவையே. அவர்கள் பட்ட சூட்டின் படலம் அது. அதன்மேல்தான் நம் குடும்பங்கள் ஒட்டாமல் எழுந்தன.

ஒவ்வொரு வீட்டிலும் விருப்பமான பாத்திரம் என்று ஒன்று உண்டு. மீன் குழம்புக்கு அந்த மண்சட்டிதான். வற்றல் குழம்புக்கு அந்தக் கல்சட்டிதான். நம் கை அவற்றையே நாடுவது பட்சபாதம் ஆகாது. எதற்கு எது தகும் என்பதை அனுபவம் கற்றுத் தந்திருக்கிறது, அவ்வளவே. ஆனால் ஒன்றைக் கவனித்திருப்போம். விருப்பமான பாத்திரமே அடிக்கடி அடிப்பிடிக்கிறது. நாள்தோறும் அடுப்பேறுவது அதுதான் அன்றோ! பரணில் துணி சுற்றி வைத்த பாத்திரம் ஒருநாளும் கருகுவதில்லை. யாருடைய பசியையும் அது ஆற்றியதுமில்லை. பங்குப் பணிகளில் முன்னின்று உழைத்தவர் ஒருமுறை தவறியபோது, ஒருநாளும் முன்வராத நாம் நம் பளபளப்பை எண்ணி மகிழ்வது எவ்வளவு எளிது!

அப்படியாயின், மன்னித்து உடனே பழையபடி அடுப்பில் ஏற்றிவிடலாமா? இங்கேதான் நல்ல உள்ளங்களும் தடுமாறுகின்றன. முன்பெல்லாம் நம் தெருக்களில் ஈயம் பூசுவோர் வருவார்கள். பித்தளைப் பாத்திரத்தைத் தேய்த்துச் சுத்தம் செய்து, தணலில் சூடேற்றி, நவச்சாரப் பொடி தூவி, வெள்ளீயத்தை உருக்கித் துணியால் உட்புறமெங்கும் பரப்புவார்கள். சில நிமிடங்களில் உள்ளே வெள்ளி போல் ஒளிரும். ஈயம் போன பித்தளையில் புளிப்பான எதையும் சமைத்து வைத்தால் செம்பு அதில் இறங்கி நஞ்சாகும். எனவே கழுவப்பட்ட பாத்திரம் ஈயம் பூசப்படும்வரை காத்திருந்தது. அந்தக் காத்திருப்பு வெறுப்பால் வந்ததன்று. உண்போர் நலமும் பாத்திரத்தின் நலமும் அதில் அடங்கியிருந்தன.

மன்னிப்பு உடனே தரத்தக்கது. நம்பிக்கை மீண்டும் பூசப்பட வேண்டியது. இரண்டையும் ஒன்றெனக் கொள்பவர், மன்னித்தேன் என்று சொல்லிக் குடியிலிருந்து மீண்ட மகனின் கையில் மறுநாளே பெருந்தொகையைக் கொடுத்து அவனை மறுபடியும் தீயில் தள்ளுகிறார். இரண்டையும் முற்றிலும் பிரிப்பவரோ, கழுவிய பாத்திரத்தை என்றென்றும் கொல்லைப்புறத்தில் கவிழ்த்து வைக்கிறார். ஒப்புரவு அருட்சாதனத்தில் பாவமன்னிப்புக்குப் பின்னரும் பரிகாரம் எஞ்சியிருக்கிறது என்று திருச்சபை கற்பிப்பதன் பொருளும் இதுவே.

யோவான் நற்செய்தியில் கரிநெருப்பு இருமுறை எரிகிறது. முதல் நெருப்பு தலைமைக் குருவின் முற்றத்தில்; அங்கே குளிர்காய்ந்தவாறே பேதுரு ஆண்டவரை மறுதலித்தார். இரண்டாவது திபேரியக் கடற்கரையில்; உயிர்த்த ஆண்டவரே மூட்டியது. அங்கே அவர் பேதுருவின் குற்றத்தை எடுத்துச் சொல்லிச் சுரண்டவில்லை. முதலில் மீனும் அப்பமும் தந்து பசியாற்றினார். பிறகு, அன்பு உண்டா என்று மும்முறை கேட்டார்; பேதுருவுக்கு அது வருத்தம் தந்தது. ஒவ்வொரு மறுமொழிக்குப் பின்னும் தம் மந்தையை அவரிடம் ஒப்படைத்தார். ஊறவிட்டார், ஈயம் பூசினார், மீண்டும் அடுப்பில் ஏற்றினார். மூன்றில் எதையும் அவர் விட்டுவிடவில்லை.

இந்த ஒப்புமைக்கும் ஓர் எல்லை உண்டு. மேற்பூச்சு உரிந்துபோன ஒட்டாத வாணலியை நாம் தயக்கமின்றி விலக்கிவிடலாம். அதனைக் காப்பாற்ற முயல்வது வீண். பாத்திரத்தை அதன் பயனுக்காக மீட்கிறோம். மனிதரையோ, பயன் இருப்பினும் இல்லாவிடினும், அவர் இறைவனின் சாயல் என்பதற்காக மீட்க வேண்டும். இனி ஒருபோதும் பழைய பணிக்குத் திரும்ப இயலாதவருக்கும் நம் பந்தியில் இடம் உண்டு. மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ், 2015-ஆம் ஆண்டு வெளியிட்ட ‘இறைவா உமக்கே புகழ்’ என்னும் திருமடலில், பொருள்களை எளிதில் குப்பையாக்கும் பழக்கமும் மனிதரை ஒதுக்கித் தள்ளும் பழக்கமும் ஒரே பண்பாட்டின் இரு முகங்கள் எனச் சுட்டிக்காட்டினார். சற்றுப் பொறுத்தால் மீளக்கூடிய பாத்திரத்தை எறியப் பழகிய கை, எங்கே நிறுத்துவது என்பதை மெல்ல மறந்துவிடுகிறது.

செக்கரியா நூலின் இறுதி அதிகாரம் ஒரு நாளைக் கனவு காண்கிறது. அந்நாளில், ஆலயத்துப் பானைகள் மட்டுமன்றி, எருசலேமிலும் யூதாவிலும் உள்ள ஒவ்வொரு வீட்டுப் பானையும் ஆண்டவருக்குப் புனிதமாயிருக்கும். புத்தம் புதிய பானைகள் என்று அந்த இறைவாக்கு சொல்லவில்லை. கரி பிடித்தவையும், நசுங்கியவையும், ஈயம் பூசியவையும் அவற்றுள் இருந்திருக்கும்.

இன்றிரவு நம் சமையலறையில் ஏதேனும் ஒரு பாத்திரம் நீரில் ஊறிக்கொண்டிருக்கலாம். நம் குடும்பத்திலும் ஒருவர் அவ்வாறே காத்திருக்கலாம். விடியும்வரை பொறுப்போம். காலையில், கையில் இரும்பு நார் இல்லாமல் அவரிடம் செல்வோம்.