கடைசியில் வந்து சேர்ந்தவர்கள்



அப்போஸ்தலரான பெரிய யாகப்பரை நம் முன்னோர் சந்தியாகப்பர் என்று அழைத்தார்கள். அதே பெயரைத் தாங்கிய நகரம் ஒன்று ஸ்பெயின் தேசத்தின் வடமேற்கு மூலையில் இருக்கிறது. சாந்தியாகோ தெ கொம்போஸ்தெலா என்பது அதன் முழுப் பெயர். அப்போஸ்தலருடைய கல்லறை அங்கே உள்ளதென்பது நெடுங்காலப் பாரம்பரியம். ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக ஜனங்கள் அதை நோக்கிக் கால்நடையாகப் போகிறார்கள். 2024-ம் ஆண்டில் மட்டும் ஏறக்குறைய 5 இலட்சம் பேர் அங்கே போய்ச் சேர்ந்து, யாத்திரை அலுவலகத்தில் பதிந்துகொண்டார்கள். அந்த யாத்திரையின் கடைசி நாட்களில் ஒரு கேள்வி பிறக்கிறது. அது நம் வீட்டுத் திண்ணையிலும் பிறக்கிற கேள்வியே ஆனபடியால், இந்த வாரம் அதைச் சற்று யோசிப்போம்.

பிரான்சு தேசத்தின் எல்லையோரச் சிற்றூரான சான் ழான் பியே தெ போரில் மூட்டையை முதுகில் கட்டிப் புறப்படுகிறவன் சுமார் 780 கிலோமீட்டர் நடக்கவேண்டும். முப்பது, முப்பத்தைந்து நாள் பிடிக்கும். பிரனே மலையைத் தாண்டுகிறான், நிழலில்லாத மேட்டுச் சமவெளியில் நாட்கணக்காய் நடக்கிறான், காலெல்லாம் கொப்புளம், இராத்திரியில் சத்திரத்தில் குறட்டை விடும் அந்நியர் நடுவே உறக்கம். இப்படி நாலு வாரம் சென்றபின் சாரியா என்னும் ஊர் வருகிறது. அங்கிருந்து சந்தியாகப்பர் கோவிலுக்கு இன்னும் 115 கிலோமீட்டர்தான்.

கடைசி நூறு கிலோமீட்டரை நடந்து முடித்தாலே யாத்திரைப் பத்திரம் கிடைக்கும் என்பது விதி. ஆகையால் யாத்திரீகரில் பத்துக்கு மூவர் அளவில் சாரியாவிலேதான் நடையைத் தொடங்குகிறார்கள். மறுநாள் காலை பாதை திருவிழாத் தெருவைப் போலாகிவிடுகிறது. புதுச் சப்பாத்து, தோளில் சின்னப் பை. பெரிய பெட்டியோ மோட்டார் வண்டியில் ஏறி அடுத்த விடுதிக்கு முன்னாலேயே போய்விடுகிறது. இதைக் காணும் பழைய யாத்திரீகன் மனதில் கசப்பு ஊறுகிறது. “முப்பது நாள் நான் பட்ட பாட்டுக்கும், ஐந்து நாள் இவர்கள் போகும் உல்லாசத்துக்கும் ஒரே பத்திரமா?”

இந்தக் கசப்பு நியாயந்தானா?

அதை அற்பமென்று ஒதுக்கிவிட வேண்டாம். உழைப்புக்கு மதிப்பு உண்டு என்ற உணர்ச்சி நல்ல உணர்ச்சியே. பஸ்ஸில் ஏறிப்போய் முத்திரை வாங்கிக்கொண்டு “நடந்தேன்” என்கிறவன் பொய் சொல்லுகிறான். அவன்மேல் கோபம் வந்தால் குற்றமில்லை. ஆனால் நூறு நடந்தவன் நூறு நடந்தேன் என்றுதான் சொல்லுகிறான். அதில் பொய் எங்கே?

நெடுந்தூரம் நடந்தவனுக்கு அங்கீகாரமே இல்லையோ என்றால், அதுவும் உண்டு. எங்கே புறப்பட்டான், எத்தனை கிலோமீட்டர் நடந்தான் என்பதைக் குறிக்கும் வேறொரு சான்றிதழை அதே அலுவலகத்தில் கேட்டுப் பெறலாம். அதைக் கையில் வாங்கிய பிறகும் ஒருவனுக்கு மனம் ஆறவில்லையென்றால் காரணம் என்ன? தன் உழைப்பு அறியப்படவேண்டும் என்பதோடு அவன் ஆசை நிற்கவில்லை. மற்றவனுக்குக் குறையவேண்டும் என்றும் விரும்புகிறான். நியாயம் முடிந்து பொறாமை தொடங்கும் எல்லை இதுவே.

இன்னொன்றையும் யோசியுங்கள். அந்த முப்பது நாளும் பத்திரத்துக்குக் கொடுத்த விலையா, அல்லது அவனுக்கே கிடைத்த கொடையா? வெறும் விலையென்றால், குறைந்த விலைக்கு வாங்கியவன்மேல் வயிற்றெரிச்சல் வரும். கொடையென்றால், முப்பது விடியற்காலைகளைக் கண்டவன் ஐந்தை மட்டும் கண்டவனிடம் எதை இழந்தான்? திராட்சைத் தோட்டத்தில் பொழுது சாயும் நேரம் வந்தவர்களைக் கண்டு முணுமுணுத்த வேலையாட்களின் கதை நமக்குத் தெரிந்ததே. பகலெல்லாம் வேலையின்றிச் சந்தையில் நிற்பது சுகமென்றா நினைக்கிறீர்கள்?

மேலும் அந்த 780 கிலோமீட்டரை அவன் தன் காலால் மாத்திரமா கடந்தான்? வழியெங்கும் மஞ்சள் அம்புக்குறிகள் அவனை நடத்தின. 1984-ல் அவற்றை வரையத் தொடங்கியவர் ஓ செப்ரேரோ என்னும் மலைக்கிராமத்துப் பங்குக்குருவான எலியாஸ் வலீஞா சுவாமியார். அக்காலத்தில் ஆண்டுக்கு மூவாயிரம் யாத்திரீகர்கூட வந்து சேருவதில்லை. சுவாமியார் 1989-ல் இறந்தார். அம்பு வரைந்தவர், யார் எங்கே புறப்பட்டவர் என்று கேட்டா வரைந்தார்? புதியவனும் பழையவனும் அதே அம்பைப் பார்த்துத்தான் நடக்கிறார்கள்.

சாரியாவில் சேர்ந்தவன் பை சிறியதாயிருக்கலாம். மனச்சுமை எவ்வளவென்று யார் கண்டார்? பத்து நாள் லீவுக்கு மேல் கிடைக்காத தொழிலாளி இருக்கலாம். நோயிலிருந்து எழுந்து, நூறு கிலோமீட்டருக்குமேல் உடம்பு தாங்காதவள் இருக்கலாம்.

இனி நம் வீட்டுக்கு வருவோம். படுக்கையில் கிடக்கும் தகப்பனாரை ஐந்து வருஷம் தூக்கி எடுத்துப் பார்த்தவள் ஊரிலிருக்கும் மகள். கடைசிப் பத்து நாளுக்கு அரபு தேசத்திலிருந்து ஓடிவருகிறான் மகன். “தம்பி வந்துட்டானா?” என்று கிழவர் முகம் மலர்கிறது. சுவரோரம் நிற்கும் மகளின் நெஞ்சில் முள் தைக்கிறது. அம்மா, உங்கள் வேதனை பொய்யல்ல. உங்கள் பாட்டை ஊர் அறியவேண்டும். தம்பியும் வாய்விட்டுச் சொல்லவேண்டும். செலவிலும் அலைச்சலிலும் பங்கெடுக்காமல் பேர் மட்டும் வாங்கப் பார்ப்பானானால், அதை முகத்துக்கு நேரே கேட்கவும் உங்களுக்கு உரிமை உண்டு. ஆனால் அந்தப் பத்து நாளை அவனுக்குக் கொடுங்கள். ஐந்து வருஷத்தில் தகப்பனார் உங்களிடம் பேசியதெல்லாம் உங்களிடமே இருக்கிறது. அதை அவன் எடுத்துக்கொள்ள முடியாது. அந்த ஐந்து வருஷம் அவனுக்கு இனி வரப்போவதுமில்லை.

தம்பிமாரே, நீங்களும் கேளுங்கள். கடைசியில் வந்தவனுக்குக் கதவு திறந்திருக்கிறது. முன்னே நடந்தவர்களுக்கு நன்றி சொல்லிவிட்டு நுழையுங்கள்.

நகரத்துக்கு ஏறத்தாழ 5 கிலோமீட்டர் முன்னே மோந்தே தோ கோசோ என்றொரு குன்று உண்டு. சந்தோஷ மலை என்று பொருள். கோவில் கோபுரங்கள் முதன்முதலாகக் கண்ணில் படுவது அங்கேதான். நாலு வாரம் நடந்தவனும் நாலு நாள் நடந்தவனும் அங்கே பக்கத்தில் பக்கத்தில் நிற்கிறார்கள். மீதி வழி இருவருக்கும் ஒரே அளவுதான். அதைப் பேசாமல் முறைத்துக்கொண்டு நடப்பதா, “வாங்க, சேர்ந்து போகலாம்” என்று நடப்பதா என்பது முதலில் வந்தவன் கையில் இருக்கிறது. இந்த வாரம் நம் குடும்பத்தில் அப்படி அழைக்கப்படவேண்டியவர் யாரென்று சிந்திப்போமாக.