பழைய கிரேடுக்கு மன்னிப்பு உண்டா?

அமெரிக்காவில் மருத்துவப் படிப்பு, பொதுவாக நான்காண்டுக் கல்லூரிப் பட்டத்துக்குப் பிறகே தொடங்குகிறது. எம்.டி. பட்டம் தரும் கல்லூரிகளில் பெரும்பாலானவை ஆம்காஸ் என்ற பொது விண்ணப்ப முறை வழியே மாணவரைச் சேர்க்கின்றன. பள்ளி முடிந்தபின் படித்த ஒவ்வொரு கல்லூரியின் மதிப்பெண் சான்றும் அங்கே போய்ச் சேர வேண்டும். ஒரு பாடத்தில் தோற்று, மறுபடி படித்து முதல்தர கிரேடு வாங்கினாலும் இரண்டு கிரேடுமே சராசரியில் ஏறும். எத்தனை ஆண்டு கடந்தாலும் காலாவதி கிடையாது.

முதல் இரண்டு ஆண்டுகளைக் கோட்டைவிட்ட ஒருவரை எடுத்துக்கொள்ளலாம். 60 கிரெடிட், நான்குக்குச் சராசரி 2.0. அதன்பின் எல்லாவற்றிலும் 4.0 என்றே வைத்துக்கொண்டாலும், 120 கிரெடிட்டோடு பட்டம் வாங்கும்போது சராசரி 3.0-இல் நிற்கும். பட்டத்துக்குப் பின் இன்னும் ஓராண்டு, 30 கிரெடிட், அதுவும் முழுக்க 4.0 என்றால் 3.2. இடம் கிடைத்துச் சேர்பவர்களின் சராசரியோ 3.7-க்கு மேல். அந்த 3.7-ஐத் தொட, சறுக்கிய இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு 340 கிரெடிட்டை ஒரு பிசகும் இல்லாமல் எடுக்க வேண்டும். ஆண்டுக்கு 30 வீதம் பதினோரு ஆண்டுக்கு மேல் ஆகும்.

சேர்க்கைக் குழுக்கள் இந்தக் கணக்கை மட்டும் பார்த்து முடிவெடுப்பதில்லை என்பது உண்மைதான். ஆண்டுவாரியான சராசரியும் விண்ணப்பத்தில் தெரியும்; ஏறுமுகமான பதிவுக்கு மதிப்பு உண்டு. ஆனாலும் முதல் வடிகட்டலில் கண்ணில் படுவது மொத்தச் சராசரி. நடந்துபோனதை நடக்காததாக ஆக்க முடியுமா, முடியாதென்றால் திருந்தியவர் அதன் பாரத்தை எதுவரை சுமக்க வேண்டும் என்ற பழைய கேள்விகளுக்கு இந்த எண் தன்னையறியாமல் ஒரு பதில் சொல்லிவிடுகிறது.

அதே கேள்வி 1065 வாக்கில் இத்தாலியின் மோன்டே கசீனோ மடத்தில் ஓர் உணவு மேசையில் எழுந்தது. கடவுளால் எல்லாம் முடியும், கன்னிமை இழந்த பெண்ணுக்கு அதை மீட்டுத் தருவது மட்டும் முடியாது என்று புனித ஜெரோம் எழுதியிருந்தார். மடாதிபதி தெசிதேரியுஸ் அதை ஏற்றார்; விருந்தினரான பீட்டர் டாமியன் ஏற்கவில்லை. பின்னர் மடாதிபதிக்கு எழுதிய நீண்ட கடிதத்தில், கடவுளால் முடியாதது என ஒன்றைச் சொல்வதே தகாது என்று டாமியன் வாதிட்டார். இரு நூற்றாண்டு கழித்து இறையியலாளர் தாமஸ் அக்குவினாஸ் இந்த முடிச்சைப் பிரித்துக் காட்டினார். உடலிலும் உள்ளத்திலும் நேர்ந்த கேட்டைக் கடவுள் முழுக்க நீக்கலாம். அது ஒரு காலத்தில் நேர்ந்தது என்ற உண்மையை மட்டும் நீக்க இயலாது.

கேடு வேறு, கேடு நேர்ந்த வரலாறு வேறு. மதிப்பெண் சான்று வரலாற்றைக் காப்பது நியாயம். அது பொய் சொல்லக் கூடாது. சராசரி செய்வது இன்னொரு வேலை. கேடு இன்னும் நீங்கவில்லை, அதில் பாதி இன்னமும் ஆளுக்குள் இருக்கிறது என்று அது கணக்கு எழுதுகிறது. கரிம வேதியியலில் முதல்முறை எஃப், மறுமுறை ஏ வாங்கியவருக்கு அது காட்டுவது சி. அந்த மனிதர் எந்த நாளிலும் சி அளவுக்கு வேதியியல் தெரிந்தவராக இருந்ததில்லை.

இதற்கு மாறான வழிகளும் அமெரிக்காவிலேயே உண்டு. டி.ஓ. பட்டம் தரும் ஆஸ்டியோபதி மருத்துவக் கல்லூரிகளின் விண்ணப்ப முறை, திரும்பப் படித்த பாடத்தின் கடைசி கிரேடை மட்டும் கணக்கில் எடுத்துவந்தது. 2017-இல் அந்த வழக்கம் நின்றது. டெக்சாஸ் மாநிலச் சட்டம் இன்னும் தாராளம். பத்து ஆண்டுக்கு முந்தைய கல்லூரிப் படிப்பை முழுக்கக் கணக்கில் கொள்ள வேண்டாம் என்று அம்மாநிலவாசி ஒருவர் அரசுக் கல்லூரிகளைக் கேட்டுக்கொள்ளலாம். நல்லதை வைத்துக்கொண்டு கெட்டதை மட்டும் கழிக்க வழியில்லை. அந்நாளில் வாங்கிய ஏ கிரேடுகளும் அவற்றின் கிரெடிட்டும் சேர்ந்தே போகும். இதை மன்னிப்பு என்பதைவிட மறதி என்பதே சரி. பத்து ஆண்டு கழிந்தால் போதும், மாறினாரா என்று யாரும் பார்ப்பதில்லை.

மாற்றத்தையே சோதிக்கும் மரபு யூத சமயத்தில் இருக்கிறது. 12-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த மைமோனிடிஸ் தாமே ஒரு மருத்துவர். தம் சட்டநூலான மிஷ்னே தோராவில், மனந்திரும்புதல் எப்போது முழுமையாகிறது என்று அவர் வரையறுக்கிறார்: முன்பு தவறிய அதே சூழல் மறுபடி வாய்த்து, தவறும் வலிமையும் இருந்து, தவறாமல் நிற்கும்போது. தோற்ற பாடத்தை அதே கடினத்தோடு திரும்பப் படித்து வெல்வது இந்தச் சோதனைக்கு வெகு நெருக்கம். அந்த அளவுகோலில் இரண்டாம் கிரேடே தீர்ப்பு, முதலாவது வெறும் வரலாறு. ஆஸ்டியோபதி கல்லூரிகளின் 2017-க்கு முந்தைய விதி இதற்கு ஏறக்குறைய ஒத்துப்போனது. அதைக் கைவிட்டதில் இழப்பு உண்டு.

திருந்தியவரிடம் அவருடைய பழைய செயல்களை நினைவூட்டக் கூடாது என்று பழைய யூதச் சட்டத் தொகுப்பான மிஷ்னா விதிக்கிறது. அது ஏன் என்பதை, மிஷ்னாவை விரித்துப் பேசும் தால்முத்தின் ஒரு கதை காட்டுகிறது. ரேஷ் லகிஷ் கொள்ளைக்காரராக இருந்தவர். ரபி யோகனான் அவரை மறைநூலின் பக்கம் திருப்பி, தம் சகோதரியையும் மணம் முடித்துக் கொடுத்தார். பின்னொரு நாள் வாள், கத்தி, குத்துவாள் ஆகியவை எந்தக் கட்டத்தில் முழுமையான பொருளாகின்றன என்று இருவருக்கும் கருத்து வேறுபாடு வந்தது. கொள்ளைக்காரனுக்குத் தன் தொழில் தெரியாதா என்று யோகனான் குத்திக் காட்டினார். அந்தச் சச்சரவை அடுத்து ரேஷ் லகிஷ் நோயுற்று இறந்தார். யோகனானும் துக்கத்தில் புத்தி பேதலித்தார். மருத்துவக் கல்லூரி நேர்முகத்தில் பழைய எஃப் பற்றிக் கேட்பவர் எல்லோரும் யோகனான் ஆகிவிடுவதில்லை. தெரிந்துகொள்ளக் கேட்பது ஒன்று, காயப்படுத்தக் கேட்பது இன்னொன்று.

ஆனால் சமயச் சொற்களை இங்கே அப்படியே பொருத்துவதிலும் ஓர் அபாயம் இருக்கிறது. குறைந்த மதிப்பெண் பாவமா? இரவெல்லாம் கிடங்கில் வேலை பார்த்துவிட்டுக் காலை வகுப்பில் தூங்கிய மாணவி யாருக்கும் தீங்கு செய்யவில்லை. தந்தையின் மரணம், நோய், கையில் காசில்லாமை எல்லாம் சான்றில் ஒரே எழுத்தாகவே விழுகின்றன. விண்ணப்பத்தின் 5,300 எழுத்துக்குறிக் கட்டுரையிலோ, பொறுப்பேற்றுக்கொண்டதாகவும் பாடம் கற்றதாகவும் அவரும் எழுத வேண்டியிருக்கிறது. குற்றம் இல்லாத இடத்தில் வாக்குமூலம் வாங்கும் வழக்கம் இது. பாவமன்னிப்பு மொழியில் தேர்ந்தவருக்கு இதனால் ஆதாயம். உள்ளதை உள்ளபடி சொல்பவர் சாக்குச் சொல்வதாகத் தோன்றிவிடுவார்.

தேர்வில் ஏமாற்றியதற்கான நடவடிக்கை வேறு வகை. அங்கே தவறு உண்மையில் உண்டு. கல்லூரியே அதைச் சான்றிலிருந்து நீக்கியிருந்தாலும் விண்ணப்பத்தில் சொல்லியாக வேண்டும் என்கிறது ஆம்காஸ். கடுமையாகத் தெரிந்தாலும் இதற்குக் காரணம் இருக்கிறது. அந்தக் கல்லூரி தனக்குச் செய்த தவறைத்தான் மன்னிக்க முடியும். நாளை இவர் கையில் உடலை ஒப்படைக்கப்போகும் நோயாளியின் சார்பில் மன்னிக்க அதற்கு உரிமையில்லை. மன்னிப்பு முடிந்த ஒன்றைப் பற்றியது, நம்பிக்கை வரப்போவதைப் பற்றியது. ஒருவரை முழுக்க மன்னித்துவிட்டு, அவரிடம் கத்தியைக் கொடுக்கத் தயங்குவதில் முரண்பாடு இல்லை.

அப்படியானால் எதை நம்புவது? 2005-இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வெளியான ஓர் ஆய்வு, உரிம வாரியங்களின் ஒழுங்கு நடவடிக்கைக்கு ஆளான 235 மருத்துவர்களின் மாணவப் பருவப் பதிவுகளைப் பிறரோடு ஒப்பிட்டது. பிற்காலத் தவறோடு வலுவாகத் தொடர்புற்றிருந்தது மருத்துவக் கல்லூரியில் காட்டிய தொழில்நெறிக்கு மாறான நடத்தை. குறைந்த நுழைவுத் தேர்வு மதிப்பெண்ணுக்கும் மருத்துவப் படிப்பின் முதல் இரண்டாண்டுகளில் வாங்கிய மோசமான கிரேடுக்கும் தொடர்பு இருந்தது, ஆனால் அதைவிட மிகச் சிறியது. நடத்தையிலும் இரண்டு வகை தனித்துத் தெரிந்தன: கடுமையான பொறுப்பின்மை, குறையைச் சொன்னால் திருத்திக்கொள்ள இயலாமை. பழைய கிரேடைச் சராசரியில் கரைத்துவிட்டால் இந்த இரண்டாவது குணம் இருக்கிறதா இல்லையா என்பது தெரியாமல் போகும். எஃப்-ஐயும் ஏ-வையும் தனித்தனியே, வாங்கிய வரிசையில் படிப்பவருக்கு அதற்கான சாட்சியம் அந்தச் சான்றிலேயே கிடைக்கிறது.