அசையாது ஈர்க்கும் அருள்

உயிர்களை இயக்கும் இறைவன், இயக்குவதனால் தானும் மாறுதலுக்கு உட்படுவானோ என்னும் ஐயத்திற்கு, 13ஆம் நூற்றாண்டினராகிய மெய்கண்டார் சைவ சித்தாந்த நூலாகிய சிவஞானபோதத்தின் 5ஆம் நூற்பாவில் கையாளும் காந்த உவமை விடை தருகிறது. அந்நூற்பாவின்படி, ஐம்பொறிகள் உயிரின் துணையால் பொருள்களை அறிந்தும் அவ்வுயிரை அறியாதவாறு போல, உயிர்களும் திருவருளால் அனைத்தையும் அறிந்தும் அவ்வருளை உணர்வதில்லை. காந்தத்தின் முன் வைத்த பசாசம், அதாவது இரும்பு, நகர்ந்து சென்று ஒட்ட, காந்தமோ முயற்சியும் விகாரமும், அதாவது திரிபும், இன்றி நிற்பதால், இங்கு ஈர்த்தல் என்பது முயன்று செய்யும் தொழிலாகாது, சந்நிதி எனப்படும் உடனிருப்பின் விளைவேயாகும். இதே உவமையைச் சாங்கியத் தத்துவத்தினரும் புருடன் எனப்படும் செயலற்ற ஆன்மாவுக்குக் கூறுவர். எனினும், சைவ சித்தாந்தம் அவ்வுடனிருப்பை அருளெனக் கொள்வதால், அதன் இறைவன் உயிர்களின்பால் கருணையுடையவனாக நிற்கிறான்.