பொதுப் பணத்தில் பிறந்த அறிவு யாருடையது?

1962இல் அமெரிக்க வேளாண் துறையின் தாவரவியலாளர் ஆர்தர் பார்க்லே, வாஷிங்டன் மாநிலத்து அரசுக் காடொன்றில் பசிபிக் யூ என்னும் மரத்தின் பட்டையைச் சேகரித்தார். புற்றுநோய்க்கு மருந்தாகக்கூடிய தாவரங்களைத் தேடிக்கொண்டிருந்த தேசியப் புற்றுநோய்க் கழகத்துக்காகச் செய்த வேலை அது. வேதியியலாளர்கள் மன்ரோ வாலும் மன்சுக் வாணியும் அந்தப் பட்டையிலிருந்து பேக்லிடாக்செல் என்ற பொருளைப் பிரித்தெடுத்து, 1971இல் அதன் மூலக்கூறு அமைப்பை வெளியிட்டார்கள். புற்றுச் செல் பிரிவதை அது எப்படித் தடுக்கிறது என்பதை 1979இல் ஆய்வாளர் சூசன் ஹார்விட்ஸ் விளக்கினார். மரமோ மிக மெதுவாக வளர்வது; பட்டையை உரித்தால் பட்டுப்போகும்; அத்தனை பட்டையிலும் கிடைக்கும் மருந்து துளியளவுதான். 1984இல் நோயாளிகளிடம் சோதனை தொடங்கியபோது கடுமையான ஒவ்வாமையால் அது நின்றுபோகும் நிலையே வந்தது. இவ்வளவையும் அரசு தாண்டி வந்த பிறகு, 1991இல் பிரிஸ்டல்-மையர்ஸ் ஸ்குவிப் நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டது. சோதனை முடிவுகளும், அரசு நிலத்து யூ மரப் பட்டையும் நிறுவனத்தின் கைக்குப் போயின. 1992 டிசம்பரில் மருந்துக்கு அனுமதி கிடைத்தது. பெயர் டாக்சால்.

2002 வரை அதன் விற்பனை சுமார் 900 கோடி டாலர். அதுவரை அரசின் தேசிய சுகாதார நிறுவனங்கள் இந்த மருந்தின் ஆய்வுக்குச் செலவிட்டது 48.4 கோடி டாலர்; உரிமத்தொகையாகத் திரும்பக் கிடைத்தது 3.5 கோடி. இதற்கிடையே 1994 முதல் 1999 வரை முதியோருக்கான அரசுக் காப்பீடான மெடிகேர் இதே மருந்தை வாங்க 68.7 கோடி டாலர் கொடுத்தது. இது வெறும் பேரம் பேசத் தெரியாத குறை என்று விட்டுவிட முடியவில்லை. ஒரு பொருள் ஒருவருக்கு எப்படிச் சொந்தமாகிறது என்ற பழைய தத்துவக் கேள்விக்கே இங்கு தவறான விடை காணப்பட்டிருக்கிறது. யாருக்கும் உரியதல்லாத இயற்கையின் மீது ஒருவன் தன் உழைப்பைச் செலுத்தினால் அது அவனுடையதாகிறது; ஆனால் மற்றவர்களுக்கும் போதிய அளவு, அதே தரத்தில் மிச்சமிருக்க வேண்டும் என்றார் தத்துவவாதி ஜான் லாக். தனியுடைமையை ஆதரிப்பவர்கள் அவரைத்தான் துணைக்கு அழைப்பார்கள். ஆனால் நிறுவனத்தின் கைக்கு வந்த பேக்லிடாக்செல் யாருமற்ற காட்டு விளைச்சல் அல்ல. அதில் முப்பதாண்டு உழைப்பு ஏற்கெனவே கலந்திருந்தது. லாக் சொன்ன கணக்கின்படியே பார்த்தாலும், கடைசியாக உழைத்தவருக்கு ஒரு பங்குதான் சேரும்.

இதற்கு வரும் வலுவான மறுப்பு, அபாயத்தைச் சுமந்தவர் யார் என்பது. ஆய்வகத்தில் பலன் தரும் பொருட்களில் பெரும்பாலானவை மருந்தாவதில்லை. தோற்றால் நட்டம் முதலீட்டாளருக்கு. டாக்சாலுக்குத் தான் 100 கோடி டாலர் செலவிட்டதாக அந்த நிறுவனமும் சொன்னது. அந்தச் செலவை நான் குறைத்து மதிப்பிடவில்லை. அதற்கு லாபம் கிடைக்க வேண்டும், தாராளமாகவே. ஆனால் பலன் தருமா என்றே தெரியாத காலத்தின் அபாயத்தை ஏற்றது வரிப்பணம். அதற்கும் மேலாக, அந்த மருந்தை முதலில் தங்கள் உடலில் ஏற்றிக்கொண்டவர்கள் நோயாளிகள். சூலகப் புற்று முற்றிய பெண்களில் ஏறக்குறைய 30 சதவீதம் பேருக்கு அது பலன் தந்தது என்று 1989இல் உலகுக்குத் தெரிந்ததே அவர்களால்தான். அபாயம்தான் உரிமை தரும் என்றால், முதல் உரிமை அவர்களுக்கல்லவா?

இன்னொரு மறுப்பு நடைமுறை சார்ந்தது. 1980க்கு முன் அமெரிக்க அரசின் கையில் சுமார் 28,000 காப்புரிமைகள் இருந்தன. அவற்றில் 5 சதவீதம்கூடத் தொழிலுக்குப் போகவில்லை. அந்த ஆண்டு வந்த பே-டோல் சட்டம்தான், அரசுப் பணத்தில் கண்டுபிடித்ததற்குப் பல்கலைக்கழகங்களே காப்புரிமை பெற்றுத் தனியாருக்கு உரிமம் தரலாம் என்று வழிவிட்டது. உண்மைதான்; அலமாரியில் தூங்கும் அறிவு ஒருவருக்கும் உதவாது. ஆகவே தனியாரிடம் தருவது தவறு என்பதல்ல என் வாதம். எந்த நிலையில் தருகிறோம் என்பதே கேள்வி. கோயில் நிலத்தை நிர்வகிக்கும் அறங்காவலர் அதைக் குத்தகைக்கு விடலாம், விளைச்சலைப் பெருக்கலாம்; ஆனால் நிலம் அவருடையதாகிவிடாது. செல்வத்தை வைத்திருப்பவரைக் காந்தி அப்படித்தான் பார்த்தார். பொதுப் பணத்தில் பிறந்த அறிவுக்கு இது இன்னும் நேரடியாகப் பொருந்தும், ஏனென்றால் இங்கே ஒப்படைத்தவர் யார் என்பது கணக்கேட்டிலேயே இருக்கிறது. அப்படியானால் நியாய விலை என்பது நிறுவனம் மனமிரங்கிச் செய்யும் தானமல்ல, ஒப்படைப்பின் நிபந்தனை.

அந்த நிபந்தனையைப் பின்னால் நினைத்துப் பார்த்துப் பயனில்லை. பொதுமக்களுக்குப் பயன் எட்டாவிட்டால் அரசே தலையிட்டு வேறொருவருக்கு உரிமம் தரலாம் என்று பே-டோல் சட்டத்தில் இடமிருக்கிறது. ஆனால் அமெரிக்க அரசு அதை ஒருமுறைகூடப் பயன்படுத்தியதில்லை. அரசு நிதியோடு கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் உருவான எக்ஸ்டாண்டி என்ற புரோஸ்டேட் புற்று மருந்தின் விலைக்காக இந்தத் தலையீட்டை நோயாளிகள் கேட்டபோதும், 2023இல் மறுப்பே கிடைத்தது. எனவே ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் நாளிலேயே அந்த நிபந்தனை எழுதப்பட வேண்டும். 1989இல் அப்படியொரு நியாய விலை விதியைத் தேசிய சுகாதார நிறுவனங்கள் கொண்டுவந்தன. மருந்து நிறுவனங்கள் கூட்டு ஆய்வுக்கு வரத் தயங்குகின்றன என்று 1995இல் அதைக் கைவிட்டன. எத்தனை ஒப்பந்தம் போட்டோம் என்பதைவிட, மருந்து யார் கைக்கு எட்டியது என்பதே அங்கே அளவுகோலாக இருந்திருக்க வேண்டும். விதி இருந்தால் யாரும் வரமாட்டார்கள் என்பதும் சரியல்ல. 2023இல் கோவிட் மருந்து உருவாக்க ரீஜெனரான் நிறுவனத்துக்கு 32.6 கோடி டாலர் ஒதுக்கியபோது, மற்ற பணக்கார நாடுகளைவிட அமெரிக்காவில் பட்டியல் விலை கூடக் கூடாது என்று அரசு கேட்டது. நிறுவனம் ஒப்புக்கொண்டது.